பனிக்கட்டிக்குப் பணியாத கப்பல்

நார்வே நாட்டுக் கப்பல் சிற்பி காலின் ஆர்ச்சரின் வாழ்க்கை

1893-ஆம் ஆண்டில் இரண்டு புதிய கப்பல்கள் தங்கள் முதல் பிரயாணத்தைத் தொடங்கின. ஒன்று இங்கிலாந்தின் கூனார்டு கம்பெனியாருக்குச் சொந்தமான 'காம்பேனியா'. 620 அடிக்கு மேல் நீளம். உள்ளே அரண்மனை போன்ற கூடங்கள். அட்லாண்டிக் சமுத்திரத்தை ஆறு நாட்களுக்குள் கடந்து உலகத்தையே வியக்க வைத்த கப்பல் அது. அதன் உலைகள் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான டன் நிலக்கரியை விழுங்கின.

மற்றொன்று நார்வே நாட்டில் கட்டப்பட்ட 'பிராம்'. அதன் நீளம் 128 அடிதான். அகலமோ 36 அடி! பாதியாக உடைத்த தேங்காய் மூடியைத் தண்ணீரில் மிதக்க விட்டதுபோல் இருக்கும் அதன் வடிவம். வேகமும் கிடையாது. நீராவியின் பலத்தால் மணிக்கு ஆறு ஏழு கடல் மைல் போனால் பெரிது. அழகுப் போட்டியில் அதற்கு யாரும் பரிசு கொடுத்திருக்க மாட்டார்கள்.

காம்பேனியா 1918-ல் ஸ்காட்லாந்துக் கரைக்கு அருகில் மூழ்கிவிட்டது. பிராம் கப்பலோ ஆஸ்லோ நகரில் அதற்கென்றே கட்டிய மண்டபத்தில் முழு உருவத்துடன் நிற்கிறது. வட துருவப் பனியில் மூன்று ஆண்டுகள் சிக்கிக் கிடந்தும் நொறுங்காமல் மீண்ட கப்பல் அது. தென் துருவத்தில் முதன்முதலாகக் கால் வைத்த வீரர்களைச் சுமந்து சென்றதும் அதுவே. மரத்தால் கட்டிய வேறு எந்தக் கப்பலும் வடக்கிலும் தெற்கிலும் அவ்வளவு தூரம் போனதில்லை.

துருவ யாத்திரை என்றால் நான்சென், ஆமுண்ட்சென் என்ற பெயர்கள் உலகத்துக்குத் தெரியும். அவர்கள் உயிரை நம்பி ஒப்படைத்த கப்பலைச் சிருஷ்டித்தவர் காலின் ஆர்ச்சர். எந்தக் கல்லூரியிலும் கப்பல் சாஸ்திரம் படிக்காதவர் அவர். ஏறத்தாழ முப்பது வயது வரையில் ஆடு மேய்ப்பும் பண்ணையும் என்று கடல் கடந்த நாட்டில் காலத்தைக் கழித்தவர்.

ஸ்காட்லாந்துக் குடும்பம்

ஆர்ச்சரின் பெற்றோர் ஸ்காட்லாந்து நாட்டவர். தந்தை வில்லியம் ஆர்ச்சர் வியாபாரி. 1825-ல் அவர் குடும்பத்தோடு வட கடலைக் கடந்து நார்வேயின் தென்கரையிலுள்ள லார்விக் என்ற சிறு துறைமுகத்தில் குடியேறினார். அங்கிருந்து மரமும் சிங்க இறாலும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்வது அவருடைய தொழில். அந்தத் தம்பதிகளுக்குப் பதின்மூன்று குழந்தைகள். பன்னிரண்டாவதாக 1832 ஜூலை 22-ஆம் தேதி பிறந்தவர் காலின்.

வீட்டு வாசலிலேயே கடல். நடை பழகும்போதே படகும் பழகிவிடும் ஊர் அது. ஆனால் பெரிய குடும்பத்துக்குச் சிறிய ஊர் போதவில்லை. மூத்த சகோதரர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆஸ்திரேலியாவுக்குப் போய் நிலம் பிடித்து ஆட்டுப் பண்ணை நடத்தினார்கள்.

காலினும் இளமையிலேயே வீட்டை விட்டுப் புறப்பட்டார். கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று உலகமெல்லாம் ஓடிய சமயம் அது. அவரும் அங்கே போனார். பிறகு பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகளைத் தொட்டுக்கொண்டு, ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பகுதியில் சகோதரர்களுடன் சேர்ந்துகொண்டார். ஆர்ச்சர் சகோதரர்கள் அங்கே பிட்ஸ்ராய் ஆற்றங்கரைப் பிரதேசத்தில் கிரேஸ்மியர் என்ற பண்ணையை அமைத்தார்கள். 1855-ல் பண்ணைக்கு வேண்டிய சாமான்களை 'எலிடா' என்ற சிறு பாய்க்கப்பலில் ஏற்றிக்கொண்டு, துறைமுகமோ வழிகாட்டியோ இல்லாத அந்த ஆற்றில் ஏறி வந்தவர் காலின்தான். மணல் திட்டுகளுக்கு நடுவே சிறு கப்பலைப் பத்திரமாகச் செலுத்துவதென்றால் என்ன என்பதை அவர் ஏட்டில் படித்து அறியவில்லை. சுக்கானைப் பிடித்த கையால் அறிந்தார்.

1861-ல் அவர் லார்விக்குக்குத் திரும்பினார். பெற்றோர் முதுமை அடைந்திருந்தார்கள். ஊரும் கடலும் அப்படியே இருந்தன. அந்தக் கடலில் ஆண்டுதோறும் மனிதர்கள் மூழ்கிச் சாவதும் அப்படியே இருந்தது.

பைலட்டுகளின் துயரம்

நார்வேயின் கடற்கரை முழுவதும் பாறைகளும் சிறு தீவுகளும் நிறைந்தது. துறைமுகத்துக்கு வரும் அந்நியக் கப்பல் எதுவும் உள்ளூர் வழிகாட்டியின் உதவியின்றி உள்ளே நுழைய முடியாது. இந்த வழிகாட்டிகளைப் பைலட்டுகள் என்பார்கள். அடிவானத்தில் ஒரு கப்பல் தெரிந்தால் போதும், பைலட்டுகள் தங்கள் படகுகளில் பாய்விரித்துப் பறப்பார்கள். யார் முதலில் போய்ச் சேருகிறாரோ அவருக்கே வேலை, அவருக்கே கூலி. ஆகையால் புயலென்றும் மழையென்றும் பார்க்க முடியாது. புயல் நாளில்தான் கப்பலுக்கு வழிகாட்டி அதிகம் தேவை. அந்த நாளில்தான் வீட்டில் பெண்டு பிள்ளைகள் கரையில் நின்று கண் பூத்துக் காத்திருப்பார்கள்.

அந்தப் படகுகள் லேசானவை. மேலே தட்டு இல்லாமல் திறந்து கிடப்பவை. பாரத்துக்காக அடியில் கற்களைப் போட்டிருப்பார்கள். படகு சாய்ந்தால் கல்லும் ஒரு பக்கம் உருளும். ஒரு பெரிய அலை உள்ளே புகுந்தால் கதை முடிந்தது. இப்படி எத்தனையோ குடும்பங்கள் அநாதையாயின.

ஆர்ச்சர் தம் வீட்டுத் தோட்டத்திலேயே படகு கட்டத் தொடங்கினார். டோலரோடன் என்ற அந்தப் பழைய வீடு கடலை ஒட்டி நிற்பது. முதலில் தம் சொந்த உபயோகத்துக்காகச் சிறு படகுகளைக் கட்டிப் பார்த்தார். அதன் பிறகு பைலட் படகைத் திருத்துவதே தம் வேலை என்று முடிவு செய்தார்.

அவர் செய்த முக்கியமான மாறுதல்கள் மூன்று. முதலாவது, படகின் மேல் உறுதியான தட்டு அமைத்து, நடுவே ஆள் நிற்க மட்டும் இடம் விட்டார். அலை மேலே விழுந்தாலும் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். இரண்டாவது, உருளும் கற்களுக்குப் பதிலாக, ஏரா எனப்படும் அடிமரத்துக்குக் கீழே கனமான இரும்பைப் பொருத்தினார். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எப்படிச் சாய்த்தாலும் அது நிமிர்ந்துகொள்கிறது அல்லவா? காரணம், அதன் கனமெல்லாம் அடியில் இருக்கிறது. அதே தத்துவம்தான் இங்கும். மூன்றாவது, படகின் பின்புறத்தையும் முன்புறத்தைப் போலவே கூராக அமைத்தார். முன்னோர் காலத்திலிருந்தே நார்வே நாட்டுப் படகுகளுக்கு உள்ள வடிவம் அது. அதைக் கைவிடாமல் செம்மைப்படுத்தினார். பின்னால் துரத்தி வரும் அலை, தட்டையான பலகையில் மோதிப் படகைப் புரட்டாமல் இரண்டாகப் பிளந்து போகும்.

பைலட்டுகள் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. பாட்டன் காலத்துப் படகை விட்டுப் புதுப் படகுக்குப் பணம் கொடுக்க யாருக்குத்தான் துணிவு வரும்? கனமான படகு வேகமாகப் போகாது என்றும் சந்தேகப்பட்டார்கள். வேகம் குறைந்தால் கூலி போய்விடும். ஆகவே பத்திரமான படகு வேகமான படகாகவும் இருந்தாக வேண்டும். இரண்டில் ஒன்று போதும் என்று ஆர்ச்சர் சொல்லிவிட முடியாது.

அலையின் கணக்கு

இதற்காகத்தான் அவர் கணக்கில் இறங்கினார். ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்ற பிரிட்டிஷ் நிபுணர், கப்பலின் வெளிக்கோடுகள் கடல் அலையின் வளைவைப் போல் அமைந்தால் தண்ணீர் குறைவாகத் தடுக்கும் என்று ஏற்கெனவே கூறியிருந்தார். ஆர்ச்சர் அதை ஆராய்ந்து ஒரு திருத்தம் செய்தார். கவனிக்க வேண்டியது வெளிக்கோடு அன்று. தண்ணீருக்குள் அமிழ்ந்துள்ள பருமன் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம் என்றார்.

வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்குவதுபோல் ஒரு படகை முன்னிருந்து பின்வரை நறுக்குவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வில்லையிலும் தண்ணீருக்குள் இருக்கும் பரப்பை அளந்து, அந்த அளவுகளை வரிசையாகக் கோடிட்டுப் பார்த்தால் ஒரு வளைவு கிடைக்கும். அந்த வளைவு அலையின் வடிவை ஒத்திருக்க வேண்டும் என்பது ஆர்ச்சரின் சித்தாந்தம். 1878-ல் பிரிட்டனின் கப்பல் சிற்பிகள் சங்கத்தில் இது பற்றிய அவருடைய கட்டுரை இடம்பெற்றது. தோட்டத்தில் படகு கட்டிக்கொண்டிருந்த மனிதரின் எழுத்து, பட்டம் பெற்ற நிபுணர்களின் சபைக்குப் போயிற்று.

கப்பல் தடையைப் பற்றிய விஞ்ஞானம் பிற்காலத்தில் வெகுதூரம் வளர்ந்துவிட்டது. அந்தச் சித்தாந்தம் முழுவதும் சரி என்று இன்றைக்கு யாரும் கூற மாட்டார்கள். ஆனால் அதைக் கொண்டு அவர் வரைந்த படகுகள் நன்றாக ஓடின. கொஞ்சம் கொஞ்சமாகப் பைலட்டுகள் ஆர்ச்சரின் படகைத் தேடி வந்தார்கள். அவர் தம் ஆயுளில் கட்டிய படகுகளும் கப்பல்களும் சுமார் 200.

நான்செனின் விபரீத யோசனை

1881 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் 'ஜீனட்' என்ற கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனிக்கட்டிகளுக்கு நடுவில் அகப்பட்டு நசுங்கி மூழ்கியது. அதில் சென்ற 33 பேரில் 20 பேர் மாண்டனர். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கப்பலின் சாமான்கள் சில கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கின. சைபீரியாவில் மூழ்கிய கப்பலின் சாமான் கிரீன்லாந்துக்கு எப்படி வந்தது? பனிக்கட்டிப் பரப்பே வட துருவத்தின் குறுக்காக மெதுவாக நகர்கிறது என்பதுதான் அதற்குப் பதில்.

பிரிட்ஜாப் நான்சென் என்ற இளம் நார்வே விஞ்ஞானிக்கு இதில் ஒரு யோசனை பிறந்தது. அதுவரை துருவத்துக்குப் போனவர்கள் எல்லோரும் பனிக்கட்டியோடு போராடினார்கள். போராடாமல் அதனிடம் கப்பலையே ஒப்படைத்துவிட்டால் என்ன? ஆற்றில் விட்ட வாழை மட்டையைப் போல் பனியே கப்பலைச் சுமந்து சென்று மறுகரையில் விட்டுவிடாதா?

கேட்டவர்கள் திடுக்கிட்டார்கள். 1892-ல் லண்டனில் நான்சென் தம் திட்டத்தை விளக்கியபோது, துருவப் பிரயாணத்தில் பழுத்த அனுபவம் பெற்ற பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர்கள் பலர் சந்தேகம் தெரிவித்தார்கள். பனியின் நெருக்குதலைத் தாங்கும் கப்பல் உலகத்தில் இல்லை என்பது அவர்கள் அபிப்பிராயம். அதுவரை அது உண்மையாகவே இருந்தது.

அந்தக் கப்பலைக் கட்டித் தருமாறு நான்சென் கேட்டது காலின் ஆர்ச்சரைத்தான். பதின்மூன்று மனிதர்கள், அவர்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு வேண்டிய உணவு, எரிபொருள், இவற்றைச் சுமக்க வேண்டும். ஆனாலும் கப்பல் சிறியதாக இருக்க வேண்டும். பெரிய கப்பலைவிடச் சிறிய கப்பலைத்தான் பலமாகக் கட்ட முடியும்.

ஆர்ச்சருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. பெயரும் புகழும் வந்துவிட்டன. இந்த வேலையில் தவறினால் பதின்மூன்று உயிர்களும் போகும், பெயரும் போகும். தவறு நேர்ந்ததா இல்லையா என்பதைக்கூட ஆண்டுக்கணக்கில் அறிய முடியாது. அந்தக் காலத்தில் கம்பியில்லாத் தந்தி கிடையாது. இவ்வளவும் தெரிந்தே அவர் ஒப்புக்கொண்டார்.

புளியங்கொட்டைத் தந்திரம்

படம் மேல் படம் வரைந்தார், மாதிரிகள் செய்து பார்த்தார், பிடிக்காதவற்றை ஒதுக்கினார். கடைசியில் கண்ட முடிவு மிகவும் எளிதானது. ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள். அது நசுங்காது, நழுவி மேலே துள்ளும். கப்பலும் அப்படியே இருக்க வேண்டும். இரு பக்கமும் நேராக நில்லாமல் சரிந்து, அடிப்பாகம் உருண்டு, பனி பற்றிக்கொள்ளப் பிடியே இல்லாமல் வழுவழுப்பாக இருந்தால், நெருக்கும் பனிக்கட்டி கப்பலுக்கு அடியில் புகுந்து அதை மேலே தூக்கிவிடும். இதற்காகவே அடிமரமும் மூன்று அங்குலத்துக்கு மேல் வெளியே நீளாதபடி அமைத்தார். சுக்கானையும் பின்விசிறியையும் கிணறு போன்ற குழிகள் வழியாக மேலே தூக்கிக்கொள்ள ஏற்பாடு செய்தார். அவற்றைப் பனி முறித்துவிடக் கூடாதல்லவா?

வடிவம் மட்டும் போதாது, பலமும் வேண்டும். கப்பலின் விலா மரங்களுக்கு, நார்வே கடற்படையின் ஹார்டன் துறையில் முப்பது ஆண்டுகளாகப் பாதுகாத்து வைத்திருந்த இத்தாலிய ஓக் மரத்தை வாங்கினார். விலா மரங்களை நெருக்கமாக நிறுத்தி, இடைவெளிகளில் தார், கீல், மரத்தூள் மூன்றும் கலந்த கலவையை நிரப்பினார். அதன் மேல் ஓக் பலகை இரண்டு அடுக்கு. எல்லாவற்றுக்கும் வெளியே, தென் அமெரிக்காவில் விளையும் கிரீன்ஹார்ட் என்ற இரும்பு போன்ற மரத்தால் ஒரு கவசம். உள்ளே பைன் மரப் பலகை. ஆக, கப்பலின் சுவர் மட்டும் இரண்டு அடிக்கு மேல் கனம்! அணியத்திலோ ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பெரிய ஓக் மரங்கள் சேர்ந்து நான்கு அடி கனத்துக்கு நின்றன.

இதில் ஒரு நுட்பத்தைப் பாருங்கள். வெளிக்கவசத்தை அடித்த ஆணிகள் உள்பலகை வரையில் போகவில்லை. பனி கடுமையாக உராய்ந்தால் கவசத்தை மட்டும் உரித்துக்கொண்டு போகட்டும். கப்பலுக்கு ஓட்டை விழக் கூடாது என்பது ஆர்ச்சரின் ஏற்பாடு. இழக்க வேண்டியதை இழந்து, காக்க வேண்டியதைக் காப்பாற்றும் முன்யோசனை அது.

உள்ளே வசிப்பவர்களின் சௌகரியத்தையும் அவர் மறக்கவில்லை. முந்திய துருவக் கப்பல்களில் மாலுமிகள் விடும் மூச்சே சுவரில் ஈரமாகப் படிந்து பனியாக உறைந்து படுக்கையை நனைக்கும். இந்தக் கப்பலில் அறைகளின் சுவரிலும் கூரையிலும் கம்பளம், தக்கை, மரப்பலகை, லினோலியம், துருவ மானின் மயிர் என்று அடுக்கடுக்காக வைத்துக் குளிரைத் தடுத்தார்கள். எல்லோரும் கூடி உண்ணும் கூடம் நடுவில். அதைச் சுற்றிப் படுக்கை அறைகள். வெளிக்காற்று படாத அந்தக் கூடத்தைச் சூடாக்கக் கொஞ்சம் எரிபொருளே போதுமானதாக இருந்தது.

ஆறு மாதம் சூரியனையே காணாத இருட்டில் விளக்குக்கு என்ன வழி? மேல்தட்டில் ஒரு காற்றாடி எந்திரத்தை நிறுத்தி, அதைக்கொண்டு மின்சாரம் உண்டாக்கினார்கள். காற்றடிக்கும் நாட்களில் ஒரு துண்டு நிலக்கரிகூடச் செலவில்லாமல் பிராம் கப்பலில் மின்சார விளக்கு எரிந்தது. சக்கரங்கள் தேய்ந்து போகும் வரையில் அந்தக் காற்றாடி உழைத்தது.

இவ்வளவு நன்மைக்கும் ஒரு விலை உண்டு. உருண்டை அடிப்பாகமுள்ள கப்பல் திறந்த கடலில் தொட்டில் மாதிரி ஆடும். அந்தக் குறை ஆர்ச்சருக்குத் தெரியாததன்று. இரண்டும் ஒருசேரக் கிடைக்காது என்று தெரிந்து, எது முக்கியமோ அதைத் தேர்ந்தெடுத்தார். பனிக்காகக் கட்டிய கப்பலில் கடல் பிரயாணத்தின் சுகத்தை அவர் எதிர்பார்க்கவில்லை.

நீண்ட மௌனம்

1892 அக்டோபர் 26-ஆம் தேதி லார்விக்கில் கப்பல் நீரில் இறக்கப்பட்டது. நான்செனின் மனைவி ஏவா பெயர் சூட்டினார். 'பிராம்' என்றால் நார்வே மொழியில் முன்னே என்று பொருள்.

1893 ஜூன் 24-ல் தலைநகரிலிருந்து கப்பல் புறப்பட்டது. வழியில் லார்விக்கில் நின்று படகுகளை ஏற்றிக்கொண்டது. அங்கே ஆர்ச்சர் கப்பலில் ஏறினார். துறையை விட்டுக் கொஞ்ச தூரம் வரையில் அவரே சுக்கானைப் பிடித்துத் தம் கப்பலைச் செலுத்தினார். பிறகு அதை நான்செனிடமும் காப்டன் ஓட்டோ ஸ்வெர்ட்ரூப்பிடமும் ஒப்படைத்துவிட்டுக் கரைக்குத் திரும்பினார்.

தென்முனையைச் சுற்றும்போதே பிராம் ஆட்டம் போடத் தொடங்கியது. தட்டில் கட்டியிருந்த சில பீப்பாய்கள் கடலுக்குப் போயின. தலைவர் நான்செனே தலை சுற்றிப் படுத்துவிட்டார். செப்டம்பர் 22-ல் சைபீரியாவுக்கு வடக்கே கப்பல் பனிக்குள் நுழைந்து உறைந்தது. அதன் பிறகு உலகத்துக்கு அதைப் பற்றிய செய்தியே இல்லை.

லார்விக்கில் ஆர்ச்சர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. வேறொரு பெரிய காரியம் அவர் கையில் இருந்தது. கடலில் அபாயத்தில் சிக்கியவர்களைக் காப்பதற்காக 1891-ல் நார்வேயில் ஒரு சங்கம் ஏற்பட்டிருந்தது. ஆஸ்கார் டைப்ரிங் என்ற டாக்டர் அதற்காகப் பெரிதும் பாடுபட்டவர். குளிர்காலத்தில் மீன் பிடிக்கும் படகுக் கூட்டத்தோடு கூடவே புயலிலும் நிற்கக்கூடிய மீட்புப் படகு வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். பைலட் படகில் தாம் கற்றதையெல்லாம் சேர்த்து ஆர்ச்சர் அதை வரைந்தார். 1893-ல் வெளிவந்த அந்தப் படகுக்குச் சங்கத்தார் அவர் பெயரையே வைத்தார்கள். 46 அடி நீளம், இயந்திரம் கிடையாது, பாய் மட்டுமே.

1894 மே 20-ல் நார்வேயின் வடகோடியிலுள்ள வார்டோவுக்கு அருகே கடும் புயல். பாறைகளுக்கு நடுவில் உயிருக்குத் தவித்தவர்களை நோக்கி 'காலின் ஆர்ச்சர்' படகு போயிற்று. தலைவர் நிக்கோலாய் அந்தோனிசென். இரண்டு முறை சென்று 36 பேரைக் கரை சேர்த்தது அந்தப் படகு. அதன் பிறகு அந்த வடிவத்தைப் பற்றி யாரும் சந்தேகம் எழுப்பவில்லை.

அதே சமயம் வடக்கே வெகு தூரத்தில் பிராம் கப்பலுக்குச் சோதனை நடந்துகொண்டிருந்தது. பனிப்பாளங்கள் இடியோசையுடன் மோதின. ஒவ்வொரு முறையும் புளியங்கொட்டையைப்போல் கப்பல் மேலே எழும்பிற்று. 1895 ஜனவரி முதல் வாரத்தில் வந்த நெருக்குதல்தான் மிகவும் பயங்கரமானது. 30 அடிக்கு மேல் கனமுள்ள பனியில் கப்பல் இறுகிக் கிடந்தது. மலைபோல் குவிந்த பனி இடப்பக்கத்தில் ஏறித் தட்டின் மேலேயே சரிந்தது. எல்லோரும் உணவு மூட்டைகளைப் பனியின் மேல் இறக்கி, கப்பலைக் கைவிடத் தயாராக நின்றார்கள். அப்பொழுது பிராம் பனியின் பிடியிலிருந்து விடுபட்டு மெல்ல உயர்ந்தது. மரத்தில் ஒரு விலாக்கூட முறியவில்லை.

1895 மார்ச்சில் நான்செனும் யோஹான்செனும் கப்பலை விட்டு இறங்கி, பனியில் நடந்து துருவத்தை நோக்கிச் சென்றார்கள். 86 டிகிரி 14 நிமிஷம் வரையில் போய், மேலே போக முடியாமல் தெற்கே திரும்பினார்கள். கப்பலோ ஸ்வெர்ட்ரூப்பின் பொறுப்பில் பனியோடு நகர்ந்து, நவம்பரில் ஏறக்குறைய 86 டிகிரியை எட்டியது.

1896 ஆகஸ்ட் 13-ஆம் தேதி நான்சென் வார்டோவில் வந்து இறங்கினார். அதே தினத்தில் பிராம் பனியை விட்டுத் திறந்த கடலுக்கு வந்தது! ஒரு வாரத்தில் அதுவும் நார்வேயை அடைந்தது. புறப்பட்ட பதின்மூன்று பேரும் உயிரோடு திரும்பினார்கள். நிபுணர்களின் சந்தேகங்களுக்கு ஆர்ச்சர் வாயால் பதில் சொல்லவில்லை. அவர் கட்டிய கப்பல் சொல்லிவிட்டது.

புகழுக்குப் பின்

துருவத்துக்குப் போக விரும்பியவர்கள் பிறகு லார்விக்கைத் தேடி வந்தார்கள். இத்தாலிய அரச குடும்பத்தைச் சேர்ந்த அப்ருஸ்ஸி பிரபுவுக்காக ஒரு பழைய கப்பலை ஆர்ச்சர் திருத்திக் கொடுத்தார். 'ஸ்டெல்லா போலாரே' என்பது அதன் புதுப் பெயர். 1886-ல் அவர் வரைந்து கொடுத்தபடி கட்டிய மற்றொரு கப்பல், 'சதர்ன் கிராஸ்' என்ற பெயரில் போர்ச்கிரெவிங்க் குழுவினரை அண்டார்க்டிகாவுக்குக் கொண்டுபோயிற்று. அந்தக் கண்டத்தின் தரையில் மனிதர் முதன்முதலாகக் குளிர்காலத்தைக் கழித்தது அந்தப் பிரயாணத்தில்தான்.

பிராம் 1898 முதல் 1902 வரையில் ஸ்வெர்ட்ரூப்பின் தலைமையில் மீண்டும் வடக்கே போயிற்று. 1910-ல் நீராவி இயந்திரத்தை எடுத்துவிட்டு டீசல் இயந்திரம் வைத்தார்கள். அந்தக் கப்பலில் தெற்கே போன ஆமுண்ட்சென்னும் நான்கு தோழர்களும் 1911 டிசம்பர் 14-ல் தென் துருவத்தை அடைந்தார்கள். இந்தச் செய்தியைக் கேட்கும்போது ஆர்ச்சருக்கு வயது எழுபத்தொன்பது.

அவர் 1921 பிப்ரவரி 8-ஆம் தேதி லார்விக்கில் காலமானார். அந்தச் சமயத்தில் பிராம் கவனிப்பாரின்றிச் சிதைந்து கிடந்தது. அதற்கு நல்ல காலம் பிறந்ததை அவர் பார்க்கவில்லை. ஸ்வெர்ட்ரூப் முதலியோர் பாடுபட்டுப் பழுது பார்த்து, 1936-ல் அதைச் சுற்றியே ஒரு காட்சிசாலை எழுப்பினார்கள். 'காலின் ஆர்ச்சர்' மீட்புப் படகும் பிற்காலத்தில் மீட்டுப் புதுப்பிக்கப்பட்டது.

பம்பாயில் பிறந்த வாரிசு

நம் நாட்டுக்கும் ஆர்ச்சரின் படகுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அமெரிக்கரான வில்லியம் ஆட்கின், ஆர்ச்சரின் மீட்புப் படகை மாதிரியாகக் கொண்டு 32 அடி உல்லாசப் படகு ஒன்றை வரைந்தார். அந்தப் படத்தை வைத்து 1960-களில் பம்பாய்த் தச்சர்கள் தேக்கு மரத்தால் கட்டிய படகுதான் 'சுஹைலி'. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கில மாலுமி 1968 ஜூனில் அதில் தன்னந்தனியாகப் புறப்பட்டு, எங்கும் நில்லாமல் 312 நாட்களில் உலகத்தைச் சுற்றி 1969 ஏப்ரல் 22-ல் இங்கிலாந்து திரும்பினார். உலகத்தில் அதை முதன்முதலாகச் செய்தவர் அவரே. அவரோடு போட்டியிட்ட வேறு யாரும் முடிவை எட்டவில்லை. வேகமான படகுகள் தோற்ற இடத்தில், நார்வே பைலட்டுகளுக்காகப் பிறந்த வடிவம் நின்று வென்றது.

இப்பொழுது துருவங்களைக் காண உல்லாசப் பிரயாணிகள் போகிறார்கள். அவர்களுக்காகச் சிறிய கப்பல்களைக் கட்டுகிறார்கள். 2007-ல் வந்த அப்படிப்பட்ட நார்வேக் கப்பல் ஒன்றுக்குப் 'பிராம்' என்றே பெயர். 2019-ல் வந்த மற்றொன்று மின்கலங்களின் துணையோடு ஓடுகிறது. அதன் பெயர் ஆமுண்ட்சென். அண்டார்க்டிகாக் கடலில் கனமான கச்சா எண்ணெயை எரிப்பது 2011 முதல் தடை செய்யப்பட்டது. துருவக் கப்பல்களுக்கான சர்வதேச விதிகள் 2017-ல் அமுலுக்கு வந்தன. இந்தக் கப்பல்களை வரைபவர்கள் முன்னே நிற்கும் கேள்விகள் பழையவைதான். கப்பல் எவ்வளவு சிறியதாக இருக்கலாம்? எவ்வளவு குறைந்த எரிபொருளில் மனிதரைக் குளிரிலிருந்து காக்கலாம்? காற்றிடமிருந்து எவ்வளவு வேலை வாங்கலாம்? பனியோடு மோதாமல் எப்படி இணங்கிப் போகலாம்?

இந்தக் கேள்விகளுக்கு 1892-லேயே மரத்தாலும் தாராலும் மான் மயிராலும் ஒருவர் விடை எழுதினார். புயலில் போன பைலட் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகத் தோட்டத்தில் படகு கட்டத் தொடங்கியவர் அவர். துருவத்துக்குப் போன கப்பலையும் அதே எண்ணத்தோடுதான் கட்டினார். போனவர்கள் பதின்மூன்று பேர். வந்தவர்களும் பதின்மூன்று பேர்.